பதினோராம் எண் மஸ்கட்

தனசிங்குக்கு வலது கண்ணில் புரை விழுந்திருப்பது 2006 மார்ச் மாதமே தெரிந்துவிட்டது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் கண்ணாடி மாற்றப் போன கடையில், கண்ணைச் சோதித்த பெண், "சார், இதுக்குக் கண்ணாடி உதவாது. ஆபரேஷன்தான்" என்றாள். அவர் தலையாட்டினார். பழைய பிரேமுக்கே புது லென்ஸ் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பவர் கூடியிருக்கிறது என்று மட்டும் மனைவி பியூலாவிடம் சொன்னார்.

பயம் ஒரு காரணம். ஊரில் அவருடைய அண்ணனுக்கு இதே ஆபரேஷன் நடந்து, சீழ் பிடித்து, கண் முழுவதும் போய்விட்டது. இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணை வைத்துத்தான் அவருக்கு வேலையே.

தனசிங் இருபத்துநான்கு வருடம் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவர். படையினர் சுடும் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது, சோதிப்பது, இனி ஆகாது என்றால் கழிப்பது அவர் வேலை. ஹவில்தாராக ஓய்வு பெற்று ராஜகீழ்ப்பாக்கத்தில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் அந்த வேலை அவரை விடவில்லை. வங்கி வாசலில், நகைக்கடை வாசலில், பணம் ஏற்றும் வேனில் நிற்கிற காவலாளிகள் கையில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் பட்டாளமும் போலீசும் கழித்துப் போட்ட பழைய துப்பாக்கிகள். அதைத் தூக்கிக்கொண்டு ஒருவன் நிற்கலாமா, தேவைப்பட்டால் சுடலாமா, சுட்டால் முன்னால் போகுமா அல்லது சுட்டவன் கையிலேயே வெடிக்குமா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை அந்த ஆள் தனசிங்தான். அவர் கையெழுத்துப் போட்ட தாளை அதற்கு மேல் யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

வாரத்தில் மூன்று நாள் அவர்கள் தெருவுக்கு அங்காளம்மாள் மீன் கொண்டுவருவாள். பனையூர்க் குப்பத்திலிருந்து சோழிங்கநல்லூர், மேடவாக்கம் என்று பஸ் மாறிக் கூடையோடு வந்து இறங்குவாள். சுனாமியில் அவர்களுடைய படகு உடைந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவள் கொழுந்தனை அலை இழுத்துக்கொண்டு போயிற்று. அவளுடைய புருஷன் மாணிக்கவேல் தம்பியின் காலைப் பிடித்து, பிடி நழுவி, தான் மட்டும் பிழைத்தவன். அன்றிலிருந்து கடலுக்குள் கால் வைக்கவில்லை. நிவாரணத்தில் வேறு படகு வந்தபோதும் போகவில்லை.

"அது கடலாண்டயே போவ மாட்டேங்குது, அண்ணா" என்றாள் ஒருநாள், வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே. "மணல்ல குந்திகினு பாத்துகினே கீது. உனுக்குத் தெரிஞ்ச எடத்துல எங்கனா நிக்க வெய்யேன். ஆளு நல்லா ஒசரமாத்தான் கீது."

தனசிங் மாணிக்கவேலை மேற்குத் தாம்பரத்தில் இருந்த அரண்மதில் செக்யூரிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதன் உரிமையாளர் ராஜாராமன் வங்கியில் மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். துப்பாக்கியைப் பற்றி எதுவும் தெரியாது. எந்த வங்கியில் யாரைப் பார்த்தால் ஒப்பந்தம் கிடைக்கும் என்று தெரியும். முதலில் ஒரு அப்பார்ட்மென்ட் வாசலில் நிறுத்தினார். மாணிக்கவேல் வேலையில் தூங்கவில்லை, குடிக்கவில்லை, லீவு கேட்கவில்லை. ஆறு மாதத்தில் துப்பாக்கிக் காவலுக்கு மாற்றிப் பணம் ஏற்றும் வேனில் போட்டார். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு முதல் நாள் தனசிங் வீட்டு வாசலில் வந்து நின்று சல்யூட் அடித்தான் மாணிக்கவேல். நாற்பது வயது ஆள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

ஜூலையில் ராஜாராமன் வடக்கே ஒரு டீலரிடமிருந்து பதினான்கு மஸ்கட்டுகள் வாங்கினார். எல்லாம் ஒரு காலத்தில் ராணுவ ரைபிள்கள். பிறகு குழாயைக் கடைந்து அகலமாக்கி, தோட்டாக்களை அடுக்கும் மேகசினை மரக்கட்டை வைத்து அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு குண்டு மட்டும் போடுகிற மாதிரி மாற்றிப் போலீசுக்குக் கொடுத்தவை. அங்கிருந்தும் கழிந்து வெளியே வந்தவை. தனசிங்கை விட வயதானவையும் அதில் இருந்தன.

ஒரு சனிக்கிழமை காலை, அலுவலக மாடியில் ஜன்னலோரம் மேஜை போட்டு அவர் உட்கார்ந்தார். எதிரே ஜெயஸ்ரீ. நாற்பத்தைந்து வயது, அந்த அலுவலகத்தின் எல்லாக் காகிதங்களும் அவள் கையில்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்காக நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

அவருக்கு இதில் அவசரமே கிடையாது. முதலில் காலியாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டை வெளியே எடுத்து, அதன் பிடியில் வெட்டியிருக்கும் எண்ணும் துப்பாக்கி உடலில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார். வேறு வேறாக இருந்தால் எங்கோ ஒரு கிடங்கில் எவனோ ஒன்றின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டியிருக்கிறான் என்று அர்த்தம். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் காதுகள் மேல் சாக்பீஸ் பொடியைத் தடவி வைப்பார். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் ஊறி வெளியே வந்து, வெள்ளையில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு விழும். மரத்தை விரல் கணுவால் தட்டிக் கேட்பார். கடைசியாகக் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பின்பக்கமாகக் கண்ணை வைத்துப் பார்ப்பார். நல்ல குழாய் உள்ளே வெள்ளி வளையங்களாக ஓடும். எங்காவது உப்பியிருந்தால் அந்த இடத்தில் ஒரு கறுப்பு வளையம் நிற்கும்.

மூன்றாவதில் போல்ட்டின் காதில் கோடு விழுந்தது. "ஆகாது" என்றார். ஆறாவதில் எண் பொருந்தவில்லை, அளவு பார்க்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் தோட்டா ஆடுகிற அளவுக்கு இடைவெளி. எட்டாவதில் மரத்துக்கு அடியில் குழாய் அரித்துப் போயிருந்தது. பத்தாவதையும் கழித்தார். ராஜாராமன் இரண்டு தடவை மேலே வந்து பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

பதினொன்றாவதைத் தூக்கிப் பிடித்தபோது, குழாயின் நடுவுக்குக் கொஞ்சம் இப்பால் மங்கலாக ஒரு நிழல் தெரிந்தது.

அவர் தலையை நகர்த்தினார். நிழலும் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. கண்ணை மூடித் திறந்தார். அன்று காலையிலிருந்து எல்லாக் குழாய்களிலும் ஏதோ ஒரு மங்கல் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அது தன் கண்ணுக்குள் இருக்கிற புகை என்று ஒதுக்கிக்கொண்டே வந்திருந்தார். இடது கண்ணை வைத்துப் பார்த்தார். அந்தக் கண் சின்ன வயதிலிருந்தே பலவீனம். அதில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரியும். கம்பியில் எண்ணெய்த் துணியை இறுக்கமாகச் சுற்றி உள்ளே தள்ள வேண்டும். உப்பிய இடம் வந்தால் இறுக்கம் சட்டென்று விட்டுப்போகும். கை சொல்லிவிடும். அல்லது மேலே மூடியிருக்கும் மரத்தைக் கழற்றி விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதுவும் வேண்டாமென்றால், எதிரே உட்கார்ந்திருந்த ஜெயஸ்ரீயைக் கூப்பிட்டு, "இதுல பாரும்மா, வளையம் மாதிரி ஏதாவது தெரியுதா?" என்று கேட்டிருக்கலாம்.

கேட்டால், "ஏன் சார், உங்களுக்குத் தெரியலையா?" என்பாள்.

"பதினொண்ணு, சார்?" என்றாள் ஜெயஸ்ரீ, பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"நல்லது" என்றார் தனசிங். அவள் எழுதினாள். அவர் பன்னிரண்டாவதை எடுத்தார். மத்தியானம் ஒரு மணிக்குப் பத்து மஸ்கட்டுகள் நல்லவை, நான்கு ஆகாதவை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

பதினோராம் எண் மாணிக்கவேலுக்குப் போயிற்று. அது யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல. அலமாரியில் முன்னால் இருந்ததை ஜெயஸ்ரீ எடுத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அனுமதி வாங்கி, திருநீர்மலைக்குப் பக்கத்தில் கைவிட்டுக் கிடந்த ஒரு கல்குவாரியில் வருடாந்திரப் பயிற்சி வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து தோட்டா. மாணிக்கவேல் அதுவரை வேனில் அந்தத் துப்பாக்கியைச் சுமந்திருந்தானே தவிர ஒரு முறையும் சுட்டதில்லை. முதல் இரண்டு குண்டும் சரியாகப் போயின. மூன்றாவதில் குழாய் நடுவில் கிழிந்தது. அவன் இடது கை சரியாக அந்த இடத்தில்தான் தாங்கிப் பிடித்திருந்தது.

தனசிங் கோவிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெயஸ்ரீதான் பேசினாள். "சார், மாணிக்கவேல் கையில துப்பாக்கி வெடிச்சிருச்சு சார்" என்றாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த நம்பர்?" என்பது. கேட்ட பிறகுதான், ஆள் எப்படி இருக்கிறான் என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று உறைத்தது.

"பதினொண்ணு, சார்."

அவர் கோவில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பியூலா வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நடந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அங்காளம்மாள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். சந்தையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். கூடை பக்கத்தில் இருந்தது, மீன் வாடைக்கு யாரோ முணுமுணுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். இடது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் போய்விட்டன என்று டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளங்கையில் பாதியும் நிற்குமா என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். முகத்தில் இடது பக்கம் வெந்திருந்தது. காது கேட்கவில்லை.

தனசிங்கைப் பார்த்ததும் அவள் எழுந்தாள்.

"அண்ணா, நீ பாத்துக் குட்த்த துப்பாக்கிதான அது? அது எப்பிடிண்ணா வெடிக்கும்?"

அதில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்த ஆள் ஒருவர் வந்துவிட்டார், அவரிடம் கேட்டால் விளங்கும் என்கிற கேள்விதான் அது.

"பாக்கணும்மா" என்றார் தனசிங்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பியூலாவிடம் கண்ணைப் பற்றிச் சொன்னார். அவள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு எடுத்தவள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? சோத்துல வண்டு கெடந்தாலும் எடுத்துப் போடாம சாப்பிடுறீங்க, மூணு மாசமா. கேட்டா கத்துவீங்கன்னு விட்டுட்டேன்." மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "கேட்டிருக்கணும். அந்தப் பொம்பள வாசல்ல உக்காந்து மீன் வெட்டிக் குடுத்தவ."

"நெழல் தெரிஞ்சுது, பியூலா. தெரியலைன்னாகூட மனசு ஆறும். தெரிஞ்சுது. கண்ணு மேல பழியப் போட்டுட்டு அடுத்ததை எடுத்துட்டேன்."

"மத்த துப்பாக்கியெல்லாம்?" என்றாள் பியூலா.

அவர் அதுவரை அதை நினைக்கவில்லை. பத்தில் ஒன்றுதான் வெடித்திருக்கிறது. மிச்சம் ஒன்பதும் அதே கண்ணால், அதே காலையில் பார்த்தவை. ஊரப்பாக்கத்தில், வண்டலூரில், மேடவாக்கத்தில், சேலையூரில், ஒன்பது ஆட்கள் அந்த நேரத்தில் அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் போய்விட்டார். ராஜாராமன் இரவெல்லாம் தூங்காத முகத்தோடு இருந்தார்.

"வாங்க சார். நானே வரணும்னு இருந்தேன். ஸ்டேஷன்ல பேசியாச்சு. வெடிச்ச பீஸை நீங்க பார்த்து ஒரு டெக்னிக்கல் ஒப்பீனியன் குடுத்தா போதும்னு சொல்லியிருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "மழை நாள்ல அவன் குழாய்க்குள்ள துணியைச் சுருட்டி அடைச்சு வைப்பானாம். மத்த கார்ட்ஸ் ரெண்டு பேரு சொல்றாங்க. துணியோட சுட்டா வெடிக்கும்தானே?"

"வெடிக்கும்."

"அவ்வளவுதான். கவனக்குறைவு. உங்க பேருக்கும் ஒண்ணும் வராது, எனக்கும் ஒண்ணும் வராது."

"சார், அந்த ஒன்பதையும் இன்னைக்கே திரும்ப வாங்குங்க" என்றார் தனசிங்.

"எதுக்கு?"

"மறுபடியும் சோதிக்கணும். நான் இல்ல, வேற ஆளு."

ராஜாராமன் அவரையே பார்த்தார். "ஒன்பது பாயின்ட்ல கன்மேன் இல்லைன்னா இன்னைக்கு சாயங்காலம் பேங்க்ல இருந்து போன் வரும், சார். நாளைக்கு வேற ஏஜென்சி உள்ள வந்துரும். நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. இப்ப என்ன திடீர்னு?"

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தார் தனசிங். துணிதான் காரணம் என்று ஆகிவிட்டால்! அப்படி ஆகிவிட வேண்டும் என்று தான் ஆசைப்படுவது அவருக்கே தெரிந்தது.

காவல் நிலையத்துக்கு ஜெயஸ்ரீயும் ஃபைலோடு வந்தாள். ராஜாராமன் பின்னால் வருவதாகச் சொன்னார். ஒரு மேஜை மேல் செய்தித்தாள் விரித்து, சிதறிய துண்டுகளை வைத்திருந்தார்கள். குழாய் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து கிடந்தது. மரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் கிழிந்த விளிம்பைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். சாம்பல் நிறம் தெரிந்தது. அதற்கு மேல் அவரால் எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"ஜெயஸ்ரீ, இங்க வாம்மா" என்றார். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீ பாரு. கிழிஞ்ச ஓரம் முழுக்க ஒரே மாதிரி இருக்கா?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, துண்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இல்ல சார். பெரும்பாலும் பளபளன்னு, உடைச்ச சர்க்கரைக் கட்டி மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் மட்டும், ஒரு விரல்கடை அளவுக்கு, காப்பிப் பொடி மாதிரி கறுத்துப்போய் இருக்கு."

"துடைச்சுப் பாரு. வருதா?"

கைக்குட்டையால் தேய்த்தாள். "போகல சார். உள்ள ஊறின துரு."

"அந்த எடத்துல குழாய் வெளிப்பக்கம் கொஞ்சம் மேடா இருக்கா? விரலால தடவு."

"இருக்கு. சுத்தி வர இருக்கு. வளையல் மாதிரி."

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேற்று துணியால் வெடித்திருந்தால் விளிம்பு முழுவதும் புதிதாகப் பளபளத்திருக்கும். கறுத்த இடம் பல வருடம் முந்தியது. எந்தக் காலத்திலோ, எவனோ ஒரு சிப்பாய் சேறடைத்த குழாயோடு சுட்டு, அது உப்பி, உப்பிய இடத்தில் உள்ளேயிருந்து விரிசல் விட்டு, விரிசலுக்குள் துரு ஏறியிருக்கிறது. ஜூலையில் அது அங்கேயே இருந்தது. அவர் பார்த்த நிழல் அதுதான்.

ஜெயஸ்ரீ துண்டைக் கீழே வைத்தாள். மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு இந்த நம்பரை ரொம்ப நேரம் பார்த்தீங்க சார். நான் கவனிச்சேன். ஏதோ யோசிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

ராஜாராமன் வந்தபோது தனசிங் வராந்தாவில் நின்றிருந்தார்.

"துணி இல்ல சார். பழைய விரிசல். நான் பாத்துருக்கணும். எனக்குக் கண்ணுல புரை. மார்ச்சுலயே தெரியும்."

ராஜாராமன் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "உள்ள போய் இதையா சொல்லப் போறீங்க? பைத்தியமா உங்களுக்கு? அந்தக் கம்ப்ளெய்ன்ட்ல முதல் பேரு உங்களோடதாத்தான் இருக்கும். அறுபத்திரண்டு வயசுல கோர்ட்டுக்கு நடக்கப் போறீங்களா? அவனுக்கு நான் ஏதாவது பண்றேன் சார், கைவிட மாட்டேன். துணின்னு ஒரு வார்த்தை எழுதுங்க."

"அந்த ஒன்பதைத் திரும்ப வாங்குவீங்களா?"

"அதெப்படி முடியும்?"

"அப்ப நான் உள்ள போறேன்."

இன்ஸ்பெக்டர் அவர் சொன்னதை முழுவதும் கேட்டார். நடுவில் ஒரு தடவை, "இதை யாரும் உங்ககிட்ட கேக்கலியே பெரியவரே" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். தனசிங் தன் கையாலேயே எழுதினார். வரி கோணிக்கொண்டு போயிற்று. மத்தியானத்துக்குள் ஒன்பது மஸ்கட்டுகளையும் வாங்கிவிட்டார்கள். பத்து நாள் கழித்து அரசாங்கத்து நிபுணர் வந்து சோதித்ததில், ஊரப்பாக்கத்தில் சம்பத் என்பவர் வைத்திருந்த இரண்டாம் எண்ணிலும் அதே மாதிரி உப்பல் இருந்தது. விரிசல் இன்னும் விடவில்லை. எப்போது வேண்டுமானாலும் விட்டிருக்கும் என்று எழுதினார்.

அதற்குள் அரண்மதில் செக்யூரிட்டியின் ஒப்பந்தங்கள் ரத்தாகி, ஒன்பது பேருக்கும் வேலை போயிருந்தது. சம்பத் ஒருநாள் வீடு தேடி வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று பியூலா நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. "பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருந்தேன் சார். ரெண்டு மாசம் பொறுத்து வாயைத் திறந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அங்காளம்மாளிடம் தனசிங் நேரில் போய்ச் சொன்னார். போலீஸ் மூலமாக அவள் காதுக்குப் போவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த அன்றே போனார். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் அவள் பிளாஸ்கில் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தாள். நின்றபடியே கேட்டாள்.

"கண்ணு தெர்லியா?" என்றாள். "தெர்லன்னா தெர்லன்னு சொல்ல வேண்டியதுதான? மீனு செவுளு பாத்து எனுக்குச் சந்தேகமா கீதுன்னா பக்கத்துல குந்திகினு கீறவளாண்ட காட்டிக் கேப்பேன். அதுல இன்னா கொறஞ்சி பூடும்?"

"தப்புதாம்மா."

"தப்புன்றே." அவள் குரல் உயரவில்லை. "கையி பூட்ச்சி அண்ணா. வலையப் பிரிக்கக்கூட ரெண்டு கையி வோணும். கடலு தம்பிய எட்த்துகிச்சின்னு கரையில நிக்க வெச்சேன். நான்தான் உன்னாண்ட வந்து கேட்டேன். நான் கேக்காம இருந்திருந்தா அது பட்டினி கெடந்தாலும் முழுசா கெடந்திருக்கும்."

"நீ என்னம்மா செய்வ..."

"நீ பேசாத. போயிடு."

அவர் போனார். அதற்குப் பிறகு அவர்கள் தெருவில் அவள் குரல் கேட்கவில்லை. அடுத்த தெருவுக்கு வருகிறாள் என்று பியூலா கேள்விப்பட்டாள். போய்ப் பார்க்கவில்லை.

டிசம்பரில் தனசிங் ஆபரேஷன் செய்துகொண்டார். நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்தபோது எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் சின்ன எழுத்துகள்கூடத் தெரிந்தன. டாக்டர் மகிழ்ச்சியாக இருக்கிறதா என்று கேட்டார். அவர் தலையாட்டினார்.

பொங்கல் கழித்துப் பனையூர்க் குப்பத்துக்குப் போனார். அங்காளம்மாள் சந்தைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனார். மாணிக்கவேல் கவிழ்த்து வைத்த படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான். முகத்தின் இடது பக்கம் தோல் இளஞ்சிவப்பாக இழுத்துக்கொண்டிருந்தது. இடது கையை லுங்கி மடிப்புக்குள் வைத்திருந்தான். கூப்பிட்டது கேட்கவில்லை. முன்னால் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தான்.

"வா சார். குந்து."

உட்கார்ந்தார்.

"மழைல நான் துணி வெப்பேன். மெய்தான்" என்றான் மாணிக்கவேல், அவர் ஏதோ கேட்ட மாதிரி. காது கேட்காததால் சத்தமாகப் பேசினான். "தண்ணி பூந்தா துருப்புட்ச்சிடும்னு. ஆனா அன்னிக்கி எட்த்துட்டேன் சார். எட்த்துக் காட்டிட்டுத்தான் நின்னேன். ஆசுபத்திரில படுத்துகினு யோசிச்சேன், ஒருவேள நாமதான் மறந்துட்டமான்னு. பேஜாராப் பூட்ச்சி. நீ எழுதிக் குட்த்தப்பறம்தான், நான் இல்லன்னு ஆச்சி."

தனசிங் அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "நீ இல்ல" என்றார்.

"அந்தக் கம்பெனிக்காரு மேல கேசு போட்டுகீது. நஸ்டஈடு. வக்கீலு சொல்றாரு, நீ வந்து சொன்னாத்தான் நிக்கும்னு. வருவியா?"

"வருவேன்."

"வந்து சொல்லு. அவளாண்ட பேசாத. அவளுக்கு உன் மூஞ்சப் பாத்தாலே ஆவாது."

சென்னையில் தொழிலாளர் அலுவலகத்தில் அந்த வழக்கு இரண்டு வருடத்துக்கு மேல் நடந்தது. தனசிங் பதினாறு தடவை போனார். பல நாள் பெயரே கூப்பிட மாட்டார்கள். ஒருமுறை எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "அப்படியென்றால் முழுத் தவறும் உங்களுடையது, என் கட்சிக்காரருடையது அல்ல, சரிதானே?" என்று கேட்டார். "என் தப்பு முழுசா என்னோடது. அந்த ஒன்பதைத் திரும்ப வாங்க மாட்டேன்னு சொன்னது அவரோடது" என்றார் தனசிங். ஜெயஸ்ரீயும் வந்து, ஜூலை மாத நோட்டைக் காட்டி, தான் பார்த்ததைச் சொன்னாள். அதற்குள் அவள் வேறு இடத்தில் வேலைக்குப் போயிருந்தாள். கிரிமினல் வழக்கில் தனசிங்குக்கு அபராதமும், கோர்ட் கலையும் வரை உட்கார்ந்திருக்கும் தண்டனையும் விதித்தார்கள். அதன் பிறகு எந்த ஏஜென்சியும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார். ராஜாராமன் மனைவி பெயரில் வேறொரு ஏஜென்சி தொடங்கினார். இந்த முறை துப்பாக்கி இல்லாத காவலாளிகள் மட்டும்.

2009 மார்ச்சில் மாணிக்கவேலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பெரிய தொகை இல்லை. வக்கீல் அதைப் படித்துச் சொன்னபோது மாணிக்கவேல் ஓரளவு கேட்கிற வலது காதை அவர் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டு, "செரி" என்று மட்டும் சொன்னான். அங்காளம்மாள் அழுதாள். வெளியே வெயில் கொளுத்தியது. மூன்று பேரும் ஒரே பஸ் நிறுத்தத்துக்குத்தான் நடந்தார்கள், முன்னால் அவர்கள் இருவரும், இருபது அடி பின்னால் தனசிங்கும். தெற்கே போகும் பஸ் வந்ததும் அங்காளம்மாள் புருஷனின் வலது கையைப் பிடித்து ஏற்றினாள். படியில் நின்று மாணிக்கவேல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பஸ்ஸில் இடம் இருந்தது. தனசிங் ஏறவில்லை. அடுத்ததற்காக நின்றார்.